பூட்டன்ட கடைசிக் காலத்தத் தேடுறது எப்பிடி? திரும்பத் திரும்ப கேக்கிற கேள்விகள்

என்ட அப்பப்பாட அப்பாவ, அதாவது பூட்டன, நான் ஆறு வருசமா தேடினன். எப்ப செத்தார், எந்த வீட்டுல செத்தார், கடைசியா ஆர் பாத்தாங்க எண்டு. அது கிடைச்ச கதை பரவின பிறகு செத்தவீடு, கலியாணவீடு எங்க போனாலும் ஆரோ ஒருத்தர் கதிரைய இழுத்துப் போட்டுட்டு பக்கத்துல வந்து இருந்து "தம்பி, எங்கட ஆளையும் ஒருக்கா பாக்கலாமா" எண்டு தொடங்கிடுவாங்க, வட்ஸ்அப்ல வாற வொய்ஸ் வேற. கேள்வி எல்லாம் சுத்திச் சுத்தி ஒண்டுதான், அதால ஒரேயடியா எழுதிப் போட்டுடுறன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டிருக்கன், மேல இருந்து வாசிச்சுட்டு வந்தா நல்லம், ஏனெண்டா ஒருக்கா சொன்னத திரும்பச் சொல்லல்ல.

எங்கட பெத்தப்பா (தாத்தா) எப்ப செத்தார் எண்டே வீட்டுல ஒருத்தருக்கும் தெரியா, நான் எங்க இருந்து தொடங்குறது?

கந்தோருக்கு (அரசாங்க ஒபிஸுக்கு) ஓடாதீங்க. முதல்ல வீட்டுல இருக்கிற வயசான பொம்பிளையள்ட்ட இருங்க. ஆம்பிளையள் காணி, வழக்கு, சண்டை இதுகளத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க, ஆரு எப்ப படுக்கையில விழுந்தது, ஆரு கஞ்சி பருக்கினது எண்டத பொம்பிளையள்தான் சொல்லுவாங்க. "பெத்தா (பாட்டி), அது எந்த வருசம்?" எண்டு கேட்டா பதில் வராது. "சூறாவளிக்கு முந்தியா பிந்தியா?" எண்டு கேளுங்க, டக்கெண்டு வரும்.

எங்கட பக்கத்துல, அதாவது இலங்கைட கிழக்குல மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம், நாலு ஆணி இருக்கு அடிச்சு வச்ச மாதிரி: 1957 மார்கழிப் பெரு வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990 யுத்தப் பிரச்சின, 2004 டிசம்பர் 26 சுனாமி. இந்த நாலுல எதுக்கும் எதுக்கும் இடையில எண்டு பிடிச்சிட்டாலே பாதி வேலை முடிஞ்சிது. மறுகா "அப்ப உங்களுக்கு ஆரு மூத்த பிள்ளை, அவன் நடந்தவனா தவண்டவனா" எண்டு கேளுங்க. அந்தப் பிள்ளைட பிறப்புச் சேட்டிபிக்கட் வீட்டுல இருக்குமே, அதுல இருந்து கணக்குப் பாக்கலாம்.

மரண சேட்டிபிக்கட் எடுக்க கொழும்புக்குப் போகணுமா?

அனேகமா தேவையில்ல. செத்த இடம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ள வருதோ அந்த டிஎஸ் ஒபிஸ்ல பதிவுக் கிளை இருக்கு, அங்க போம் நிரப்பிக் குடுத்தா தேடித் தருவாங்க. பதிவு இலக்கமும் திகதியும் கையில இருந்தா லேசு. இல்லாட்டி இத்தனையாம் ஆண்டுல இருந்து இத்தனையாம் ஆண்டு வரை எண்டு குடுத்துத் தேடச் சொல்லணும், தேடுற காலம் நீள நீள காசும் கூடும், எழுதுவினைஞர்ர முகமும் மாறும். அதாலதான் மேல சொன்ன ஆணிக் கணக்க முதல்ல பாக்கச் சொன்னன்.

இதுல ஆக்கள் பிழை விடுற இடம் என்னெண்டா "செத்த இடம்" எண்டது. பொறந்த இடமும் இல்ல, தாட்ட இடமும் இல்ல. விபுலானந்த அடிகளப் பாருங்க, 1892ல பொறந்தது காரைதீவு, 1947 ஜூலை 19 சமாதியானது கொழும்பு, அடக்கம் செஞ்சது கல்லடி உப்போடை சிவானந்தா வித்தியாலய வளவுக்குள்ள. சமாதி கல்லடியில இருக்கு எண்டு மட்டக்களப்புல பதிவு தேடினா கிடைக்குமா? பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய் அங்க முடிஞ்ச ஆக்கள்ட கதையும் இதுதான், பதிவு ஆஸ்பத்திரி இருக்கிற பிரிவுலதான் கிடக்கும், ஊருல இருக்காது.

அவர்ர சொந்த ஊருல தேடினன், அப்பிடி ஒரு ஆளே இல்ல எண்டுட்டாங்க. இப்ப என்ன செய்ய?

நான் மூணு வருசம் வீணாக்கினது இந்த இடத்துலதான். எங்கட வீட்டுல "பூட்டன் படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) ஆள், கொக்கட்டிச்சோலைப் பக்கம்" எண்டு சொல்லித்தான் கேள்வி. நானும் அந்தப் பக்கமே தேடிக்கிட்டு இருந்தன். ஒரு நாள் ஒரு மாமிதான் சிரிச்சாங்க, "அட மடையா, ஆம்பிளைக்கு ஏதுடா ஊர், கலியாணம் முடிச்ச அண்டைக்கே அவர் பொஞ்சாதிட ஊர்தானே" எண்டு.

யோசிச்சுப் பாத்தா சரிதானே. மட்டக்களப்பு அம்பாறையில தமிழ் ஆக்களெண்டாலும் முஸ்லிம் ஆக்களெண்டாலும் வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் சீதனமாப் போகும், மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது. அப்ப ஆம்பிளை வழியால தேடினா ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஊர். என்ட பூட்டன் பொறந்தது படுவான்கரை, முடிச்சது தம்பிலுவில். அவர்ர மகன் அப்பப்பா பொறந்தது தம்பிலுவில், முடிச்சது களுதாவளை. என்ட அப்பா களுதாவளையில பொறந்து கல்லடியில முடிச்சவர். நான் கல்லடியில இருந்துகொண்டு நாலு ஊருக்கு அங்கால போய்த் தேடுறன்.

இன்னொண்டும் இருக்கு. மூத்த மகளுக்கு வீட்டக் குடுத்துட்டு தாய் தகப்பன் மத்தப் பிள்ளைகளோட வேற வளவுக்குப் போவாங்க, அடுத்தவளுக்கும் குடுத்துட்டு இன்னொண்டுக்கு, கடைசியா கடைக்குட்டி மகள்ட வீட்டுலதான் போய்ச் சேருவாங்க. அதால பூட்டனத் தேடாதீங்க, பூட்டன்ட கடைசி மகள் எங்க இருந்தா எண்டு தேடுங்க. சில பேர் மனுசி செத்த பிறகு பொறந்த ஊருக்கே, அக்கா தங்கச்சிட வீட்டுக்குத் திரும்பிப் போனவங்களும் இருக்காங்க, அதையும் ஒருக்கா கேட்டு வைக்கிறது நல்லம்.

எங்கட ஆக்கள் திருக்கோவில் பக்கம், ஆனா பழைய காணி உறுதியில (பத்திரத்துல) மட்டக்களப்பு மாவட்டம் எண்டு கிடக்கு. எது சரி?

ரெண்டும் சரி. அம்பாறை மாவட்டம் 1961லதான் தனியாப் பிரிஞ்சது, அதுக்கு முதல் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாமே மட்டக்களப்புக் கச்சேரிக்கு (மாவட்ட நிருவாக ஒபிஸுக்கு) கீழதான். பழைய பேப்பர்ல ஊர்ப் பேருக்குப் பதிலா பற்றுப் பேர் (பழைய நிருவாகப் பிரிவுட பேர்) போட்டிருக்கும், கரைவாகுப்பற்று எண்டு கண்டா கல்முனைப் பக்கம் எண்டு விளங்கிக்கொள்ளணும். அதிகாரிட பேரும் மாறிக்கொண்டே வந்தது, வன்னியனார், டிஆர்ஓ (காரியாதிகாரி), ஏஜிஏ (உதவி அரசாங்க அதிபர்), இப்ப டிஎஸ் (பிரதேச செயலாளர்). ஊருக்குள்ள 1963ல விதானை (ஊர்த் தலைமைக்காரர்) முறை எடுபட்டுக் கிராம சேவகர் வந்தாங்க, எங்கட ஆக்கள் இப்பவும் விதானையார் எண்டுதான் கூப்பிடுறது. பழைய ஆள் "டிஆர்ஓட பதிஞ்சது" எண்டு சொன்னா அது எந்தக் காலம் எண்டும் இதால ஒள்ளம் பிடிபடும்.

எந்த வருசத்துல இருந்து மரணப் பதிவு இருக்கு?

இலங்கையில பிறப்பு இறப்புப் பதிவு 1867ல தொடங்கினது, 1897ல இருந்து கட்டாயம். இப்ப நடைமுறையில இருக்கிறது 1951ம் ஆண்டு 17ம் இலக்கச் சட்டம். ஆனா சட்டம் கட்டாயம் எண்டா ஊருல எல்லாரும் பதிஞ்சாங்க எண்டு நினைக்காதீங்க. வட்டைக்குள்ள (வயல்வெளிக்குள்ள) வாடியில (காவல் குடிசையில) செத்து, அங்கேயே தாட்டுட்டு, வெள்ளாமை வெட்டு முடிஞ்ச பிறகு பாப்பம் எண்டு விட்ட சாவு எத்தனையோ. பெரிய காணி இருந்த போடியார் வீட்டுச் சாவெண்டா கட்டாயம் பதிஞ்சிருப்பாங்க, காணி மாத்தணுமே.

சேட்டிபிக்கட் கையில வந்திட்டு. திகதியத் தவிர இதுல வேற என்ன பாக்க இருக்கு?

திகதிதான் இதுல கடைசியாப் பாக்க வேண்டியது எண்டு சொல்லுவன். செத்த இடம், முழுப் பேர், ஆணா பெண்ணா எந்த இனம், வயசு, தொழில், தாய் தகப்பன்ட பேர், மரணக் காரணம், தாட்ட அல்லது எரிச்ச இடம், அறிவிச்சவர்ர பேரும் விலாசமும், அவருக்கும் செத்தவருக்கும் என்ன தொடர்பு எண்டது, அவர்ர கையொப்பம், பதிஞ்ச நாள் எல்லாம் வரும். முழுப் பிரதி எடுங்க, விசயம் எல்லாம் இந்தக் கட்டங்களுக்குள்ளதான் இருக்கு.

இதுல தங்கம் எண்டா அறிவிச்சவர்ர கட்டம். ஆரு போய் ரெஜிஸ்ரார்ட்ட சொன்னாங்களோ அவங்கட வீட்டுலதான் அனேகமா ஆள் கிடந்திருப்பார். என்ட பூட்டன்ட பதிவுல அறிவிச்சவர் எண்டு ஒரு பேர், எங்கட வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாத பேர், தொடர்பு "மருமகன்" எண்டு. கையொப்பம் இல்ல, பெருவிரல் அடையாளம். கொஞ்சம் சரிஞ்சு கட்டத்த விட்டு வெளியால போயிருந்திச்சு. அந்தப் பேர வச்சுத்தான் கடைசி மகள் ஆரெண்டு கண்டுபிடிச்சன், எங்கட பக்கத்தால அப்பிடியொரு மகள் இருந்ததே மறந்து போச்சு, ஏதோ வளவுப் பிரச்சினையில கதைபேச்சு இல்லாமப் போன ஆக்களாம். அவட பேரப்பிள்ளைகள் இண்டைக்கும் அந்த வளவுலதான் இருக்காங்க.

செத்த நாளுக்கும் பதிஞ்ச நாளுக்கும் எத்தனை நாள் எண்டும் பாருங்க. ரெண்டு மூணு நாளெண்டா சாதாரணம். மாதக்கணக்கு எண்டா என்னவோ நடந்திருக்கு, வெள்ளம், நோய், காணிப் பிரச்சின இப்பிடி. வயசு 70, 75, 80 எண்டு இருந்தா அத நம்பி பொறந்த வருசம் கணக்குப் பாக்க வேணாம், மருமகன் ஒரு குத்துமதிப்பாச் சொன்னதுதான்.

மரணக் காரணம் எண்டு "முதுமை" எண்டு மட்டும் போட்டிருக்கு. இத நம்பலாமா?

ஆஸ்பத்திரிச் சாவெண்டா டொக்டர் குடுத்த துண்டுல இருக்கிற காரணம்தான் பதிவாகும், அத நம்பலாம். வீட்டுச் சாவெண்டா அறிவிச்சவர் சொன்னதுதான் காரணம். காய்ச்சல், வயித்தோட்டம், வாதம், முதுமை எண்டு நாலஞ்சு சொல்லுக்குள்ள எல்லாச் சாவும் அடங்கிடும். திடீர்ச் சாவு, தண்ணியில போனது, பாம்பு கடிச்சது இதுகளெண்டா மரண விசாரணை நடந்திருக்கும், அந்த அறிக்கையில இதவிட கூட விசயம் இருக்கும், பதிவுலயே விசாரணை அதிகாரிட பேர் வந்தா அந்த வழியப் பிடிங்க.

பேர் ஒண்டும் ஒத்து வருதில்ல. இன்டெக்ஸ்ல பாத்தா ஆறு சின்னத்தம்பி இருக்கு, இதுல எங்கட ஆள் எது?

பழைய பதிவு கொஞ்சம் இங்கிலீஷ்ல கிடக்கும், அதுல ஒரு எழுத்து மாறினா ஆளே மாறின மாதிரி. கணபதிப்பிள்ளை எண்ட பேர "க"வுக்கு ரெண்டு விதமான இங்கிலீஷ் எழுத்துலயும் தேடணும், தம்பி எண்டதையும் "த"வோடயும் "ட"வோடயும் பாக்கணும். பின்னால வாற போடி, பிள்ளை, அப்பர் எல்லாம் ஒரு பேப்பர்ல இருக்கும் ஒண்டுல இருக்காது. வீட்டுல கூப்பிட்ட பேர் வேற, பதிவுப் பேர் வேற எண்டா இன்னும் சோலி.

ஒரே பேர்ல ஆறு பேர் எண்டா தாய்ட பேரப் பாருங்க. தகப்பன்ட பேர் கந்தப்பர், வேலுப்பிள்ளை எண்டு ஊரெல்லாம் ஒண்டாத்தான் இருக்கும், தாய்ட பேரும் சேர்ந்து ஒத்து வாறது அருமை. அதோட குடி, அதாவது வம்சப் பிரிவு. எங்கட பக்கம் குடி தாய்வழியாத்தான் வாறது, கோயில்ல எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா எண்டு இருக்கிற ஊரெண்டா கோயில்க் கணக்கு எழுதுற ஆள்ட்ட கேட்டாலே "அவர் அந்தக் குடி இல்ல, அது வடக்குத் தெரு சின்னத்தம்பி" எண்டு ரெண்டு பேர உடனே கழிச்சுத் தருவாங்க. எனக்கு அப்பிடித்தான் அஞ்சு, ரெண்டா வந்தது.

அப்பாச்சிட கொப்பியில "ஏவிளம்பி வருசம் தை மாதம் அபரபக்க சப்தமி" எண்டு எழுதிக் கிடக்கு. இத எப்பிடி இங்கிலீஷ் திகதியாக்குறது?

இது எனக்கு வந்த அதே கேள்வி, அதால ஒள்ளம் நீட்டிச் சொல்றன். தமிழ் வருசப் பேர் 60 வருசத்துக்கு ஒருக்கா திரும்பி வரும். ஏவிளம்பி எண்டா 1897, 1957, 2017 மூணுலயும் தொடங்கினது. எந்தச் சுத்து எண்டு மேல சொன்ன ஆணிக் கணக்கால முடிவெடுக்கணும். என்ட பூட்டன் பெரு வெள்ளத்தோட செத்தவர் எண்டு கதை இருந்ததால 1957.

இதுலதான் எல்லாரும் வழுக்குறது. தமிழ் வருசம் சித்திரையில தொடங்கிறது. தை மாதம் வரக்குள்ள இங்கிலீஷ் வருசம் மாறிட்டு. ஏவிளம்பி தை எண்டா 1958 ஜனவரி நடுவுல இருந்து பெப்ரவரி நடு வரை. நான் 1957 ரெஜிஸ்டர முழுக்கப் புரட்ட வச்சன், அந்த எழுதுவினைஞர் பாவம் அடிமட்டத்த ஒவ்வொரு வரியா நகத்தி நகத்திப் பாத்தவர், இல்லை. மார்கழிச் சாவும் இப்பிடித்தான், டிசம்பர்லயும் விழலாம் ஜனவரியிலயும் விழலாம்.

திதிக்கு வருவம். பூர்வபக்கம் எண்டா அமாவாசைக்குப் பிறகு வளருறது, அபரபக்கம் எண்டா பூரணைக்குப் பிறகு தேயுறது. 1958ல தைப் பூரணை பெப்ரவரி 4, அதுக்குப் பிறகு ஏழாவது திதி எண்டா பெப்ரவரி 10, 11 வாக்குல. "தைப்பூசம் கழிஞ்சு ஒரு கிழமையால" எண்டு மாமி சொன்னதும் இதுக்குப் பொருந்தினது. பதிவுல 11 எண்டு இருந்திச்சு. ஒரு நாள் முன்ன பின்ன வந்தா பயப்பட வேணாம், வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நேரம் வித்தியாசப்படும், அதோட எங்கட ஆக்களுக்கு நாள் விடியத்தான் தொடங்கிறது, இரவு ரெண்டு மணிக்குச் செத்தா வீட்டுக்கு அது முந்தின நாள், ரெஜிஸ்ராருக்கு அடுத்த நாள். திவசம் எந்தத் திதியில குடுக்கிறாங்க எண்டு கேட்டும் இதே கணக்கப் போடலாம், கொப்பி இல்லாட்டியும் பரவாயில்ல.

நாங்க முஸ்லிம் ஆக்கள், மூத்தாப்பா மௌத்தானது ஹிஜ்ரியிலதான் எழுதிரிக்கி. பள்ளிவாசல்ல ஏதும் கிடைக்குமா?

ஹிஜ்ரி வருசம் இங்கிலீஷ் வருசத்த விட கிட்டத்தட்ட 11 நாள் குறைவு, அதால ஒரு எண்ணைக் கழிச்சு நேரடியா வராது, வருசத்துக்கு வருசம் பாக்கணும். உதாரணத்துக்கு ஹிஜ்ரி 1377 எண்டா 1957 ஜூலைக் கடைசியில தொடங்கி 1958 ஜூலை நடுப்பகுதி வரை. மாசமும் தெரிஞ்சா போதும்.

பள்ளிவாசல்ல பழைய மையவாடிக் (அடக்கம் செய்யிற இடத்து) கணக்கு இருக்கா எண்டு ஊருக்கு ஊர் வேற, கேட்டுத்தான் பாக்கணும். அதவிட குடி மரைக்கார்மார்ட (பள்ளிவாசல்ல குடிக்குப் பொறுப்பான ஆக்கள்ட) வீட்டுக் கொப்பிகள்ல சந்தா குடுத்த ஆக்கள்ட பேர் கிடந்தா, எந்த வருசத்தோட பேர் நிண்டது எண்டு பாக்கலாம். மீசான் கல்லுல (தாட்ட இடத்துல நடுற கல்லுல) எழுத்து இருந்தா அதிர்ஷ்டம். மத்தபடி மேல கடைசி மகள் கதை சொன்னன்தானே, காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எங்கயும் அது அப்பிடியே உங்களுக்கும் பொருந்தும்.

நாங்க வேதக்காரர். சேர்ச் பதிவு நல்லம் எண்டு சொல்றாங்களே?

நல்லம்தான், உங்கட ஆக்களுக்குத்தான் இந்த விசயத்துல கொடுத்து வச்சிரிக்கி. கத்தோலிக்க ஆக்களெண்டா பங்குக் கோயில்ல அடக்கப் பதிவேடு தனியா இருக்கும், பழைய பக்கம் லத்தீன்ல கிடக்கலாம், 1895ல இருந்து பிரெஞ்சு யேசுசபைக் குருமார்தான் இந்தப் பக்கம் இருந்தவங்க, பேர அவங்கட காதுக்குக் கேட்ட மாதிரி எழுதியிருப்பாங்க, வாய் விட்டு வாசிச்சாத்தான் தமிழ்ப் பேர் வெளியால வரும். கடைசி நேரத்துல அவஸ்தைப் பூசுதல் (சாகக் கிடக்கிறவருக்கு எண்ணெய் பூசுற சடங்கு) குடுத்ததா இல்லையா எண்டும் எழுதியிருந்தா ஆள் நாளாக் கிடந்து செத்தாரா திடீரெண்டு போனாரா எண்டு விளங்கும். மெதடிஸ்த ஆக்களுக்கு மட்டக்களப்புல சரித்திரம் 1814ல இருந்து, முதல் வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியாரே வந்து ஒரு வருசம் ஆக முதல் 1815ல இங்கயே செத்தவர்.

காணி உறுதி ஒரு கட்டு கிடக்கு. செத்த ஆள்ட விசயம் இதுல என்ன இருக்கப் போகுது?

செத்த நாளுக்குச் சேட்டிபிக்கட், செத்ததுக்கு முந்தின வருசங்களுக்கு உறுதி. கடைசிக் காலத்துல மனுசர் செய்யுற வேலை என்ன, இருக்கிறதப் பிரிச்சுக் குடுக்கிறதுதானே. ஆருக்கு எந்த வருசம் எந்தக் காணித்துண்டு போச்சு, சீவிய உருத்து வச்சுக் குடுத்தாரா வைக்காமக் குடுத்தாரா எண்டு வரிசையா அடுக்கிப் பாருங்க. சீவிய உருத்து வச்சிருந்தா "நான் இருக்கு மட்டும் இது என்ட" எண்டு சொல்றார், பிள்ளைகள்ல அவ்வளவு நம்பிக்கை இல்ல. ஒண்டும் வைக்காம வீடு வளவோட குடுத்திருந்தா அந்தப் பிள்ளையோடதான் இருந்திருப்பார்.

பூட்டன்ட ரெண்டு உறுதி எனக்குக் கிடைச்சது. 1953ல எழுதினதுல நல்ல வடிவான தமிழ்க் கையொப்பம், "ழ" எழுத்துட வால் கீழ வரை இழுத்து. 1956ல எழுதினதுல பெருவிரல் மை. கையெழுத்துத் தெரிஞ்ச ஆள் ஏன் விரல் வச்சார்? நொத்தாரிசு (உறுதி எழுதுற சட்ட ஆள்) கடைசியில எழுதுற அத்தாட்சியில "வாசித்து விளங்கப்படுத்தியபின்" எண்டு இருந்திச்சு, அது வழமையா எழுதுற வசனம்தான், ஆனாலும் அந்த மருமகன்ட ஆக்கள்ட்ட போய்க் கேட்டன். "அவருக்கு ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்திட்டே, கடைசி ரெண்டு வருசம் கயிறு பிடிச்சுத்தான் கிணத்தடிக்குப் போறது, வாசல்ல இருந்து கிணறு வரை எங்கட அம்மாதான் கயிறு கட்டினவ" எண்டாங்க. ஒரு சேட்டிபிக்கட்லயும் இது வராது. உறுதி உங்கட்ட இல்லாட்டி காணிப் பதிவகத்துல அந்தக் காணிட பதிவ எடுத்துப் பாத்தா எந்த உறுதி எந்த நொத்தாரிசு எண்டு வரிசையா வரும். சொத்துக் கொஞ்சம் பெரிசெண்டா மாவட்ட நீதிமன்றத்துல மரணசாதன வழக்கும் (செத்தவர்ர சொத்து வழக்கு) நடந்திருக்கலாம், அதுல பிள்ளைகள் எல்லார்ர பேரும் இருக்கும்.

சூறாவளியில ரெக்கோட் எல்லாம் போச்சு எண்டு கையை விரிச்சிட்டாங்க. அவ்வளவுதானா?

எனக்கும் ஒரு கந்தோர்ல அப்பிடித்தான் சொன்னாங்க, பிறகு அதே கட்டடத்துல வேற அறையில கிடந்தது. உண்மையாவே அழிஞ்சதும் இருக்கு, இல்லையெண்டு சொல்லல்ல, நனைஞ்சு ஒட்டின ரெஜிஸ்டர் நானே கண்டிருக்கன். ஆனா பதிவு எழுதக்குள்ள ரெண்டு பிரதி எழுதுறது வழக்கம், மாவட்டத்துல இல்லையெண்டா கொழும்பு மாளிகாவத்தையில இருக்கிற பதிவாளர் நாயகத்தின்ட மத்திய ஆவண அறையில கேக்கலாம். கொழும்புக்குப் போகத் தேவையில்ல எண்டு மேல சொன்னதுக்கு இது ஒண்டுதான் விலக்கு.

அதுவும் இல்லாட்டி வாக்காளர் இடாப்பு (பட்டியல்). வீட்டு வாரியா பேர் இருக்கும், ஆரோட ஒரே வீட்டுல இருந்தார் எண்டும் தெரியும், எந்த வருசத்தோட பேர் இல்லாமப் போகுது எண்டும் தெரியும், செத்து ரெண்டு மூணு வருசத்துக்கும் பேர் வெட்டாமக் கிடக்கிறதும் உண்டு, அத மனசுல வச்சுக்கொள்ளுங்க. வாத்தியார், தபால்காரர், ரெயில்வே இப்பிடி அரசாங்க வேலை செஞ்சவரெண்டா பென்சன் நிண்ட மாசம் ஒரு ஃபைல்ல இருக்கும், மனுசிக்கு விதவைப் பென்சன் தொடங்கின மாசமும் இருக்கும். படிச்ச, பேர் போன ஆக்களெண்டா வீரகேசரி 1930ல இருந்து, தினகரன் 1932ல இருந்து வருது, மரண அறிவித்தல் பாக்கலாம். 31ம் நாள் நினைவு மலர் அடிச்சிருந்தா இணையத்துல நூலகம் தளத்துல தட்டிப் பாருங்க, நிறைய ஏத்தி வச்சிருக்காங்க. வானொலியில வாசிச்ச மரண அறிவித்தல் காத்தோட போனது போனதுதான்.

எங்கட மாமா 90ல வெளியால போனவர், திரும்பி வரல்ல. அவருக்கு மரணப் பதிவே இல்ல, எப்பிடி எழுதுறது?

காணாமப்போன ஆக்களுக்கு மரணம் பதிய 2010ம் ஆண்டு 19ம் இலக்கத் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. 2016ல அதத் திருத்தி, மரணம் எண்டு சொல்லாம "காணாமற்போனமைக்கான சான்றிதழ்" எடுக்கவும் வழி வந்தது. சுனாமியில போய் உடம்பு கிடைக்காத ஆக்களுக்கு 2005ல தனிச் சட்டம். அதால வீட்டுல ஏதோ ஒரு பேப்பர் எடுத்திருக்கலாம், எடுத்திருந்தா அதுல போட்டிருக்கிற திகதி கடைசியாக் கண்ட நாளா இல்ல வேற நாளா எண்டு பாத்து எழுதுங்க.

எடுக்காட்டி, ஏன் எடுக்கல்ல எண்டு துருவாதீங்க. மாமி இன்னும் பொட்டு வச்சிருக்காவா எண்டு பாருங்க, அதுதான் பதில். குடும்ப மரத்துல இறந்த திகதி எண்ட கட்டத்த வெறுமையா விட்டுட்டு "கடைசியாக் கண்டது" எண்டு இடமும் நாளும் எழுதலாம், நான் எங்கட ரெண்டு பேருக்கு அப்பிடித்தான் எழுதியிருக்கன்.

கடைசிக் காலத்துல அவர் ஊர விட்டு எங்கயோ போனவராம், வீட்டுல அதக் கதைச்சாலே எழும்பிப் போயிடுறாங்க.

மூணு கதை அடிக்கடி கேட்டிருக்கன். ஒண்டு கதிர்காமம், பொத்துவில், உகந்தை, குமணக் காட்டுக்குள்ளால பாதயாத்திரை போய் வழியில முடிஞ்ச வயசான ஆக்கள், அவங்களக் காட்டுக்குள்ளயே தாட்டுட்டு கூடப் போனவங்க வந்து சொன்னதுதான் சாட்சி. ரெண்டு, வேற ஊருல இன்னொரு குடும்பம், இதுக்கு அந்த ஊர் உறுதியும் இடாப்பும்தான் வழி.

மூணாவது மாந்தீவு. மட்டக்களப்பு வாவிக்குள்ள இருக்கிற தீவு, குட்டரோக ஆஸ்பத்திரி இருந்த இடம். அங்க கொண்டு போய் விட்ட ஆள வீட்டுல "செத்திட்டார்" எண்டு சொல்லித்தான் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசினாங்க, ஆள் தோணித் தூரத்துல உசிரோட இருந்திருப்பார். வீட்டுல சொல்ற வருசத்துக்கும் பதிவுல இருக்கிற வருசத்துக்கும் பத்துப் பதினைஞ்சு வருசம் இடைவெளி எண்டா இதையும் ஒரு பக்கம் யோசியுங்க. செத்த இடம் எண்ட கட்டத்துல இருக்கும். கண்டுபிடிச்சாலும் எல்லாருக்கும் முன்னால போட்டு உடைக்காதீங்க, முதல்ல வீட்டுல மூத்த ஆளத் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

தாட்ட இடத்த இப்ப போய்த் தேடினா கிடைக்குமா?

சவக்காலையில கல்லுக் கட்டினதெண்டா கிடைக்கலாம். எங்கட சுடலையள் கடற்கரை மணல், ஒரு மாரிக்கு மேட்டக் காணாது, சுனாமியோட கரையோரமே மாறிப்போச்சு. பதிவுல இடம் எண்டு சுடலைட பேர் மட்டும்தான் வரும், எந்த மூலை எண்டு வராது.

நான் தம்பிலுவிலுக்குப் போன அண்டைக்கு அந்தக் கடைசி மகள்ட மகள், இப்ப எண்பது தாண்டினவ, திண்ணையில இருந்து பாக்கு இடிச்சுக்கொண்டு இருந்தா. தாட்ட இடம் கேட்டன். உரலப் பாத்துக்கொண்டே நாடியால கடல்ப் பக்கம் காட்டினா. "அங்கால எங்கயோ. கயிறு பிறகும் கொஞ்ச நாள் கிடந்தது, அம்மா அவிழ்க்க விடல்ல" எண்டா. கிணறு இருக்கு, வாசல்ப்படியும் பழசுதான், நான் ரெண்டுக்கும் இடையில நடந்து பாத்தன், இருபத்திமூணு அடி வந்திச்சு.